துரைசாணி கேட்ட வெட்சி வேலி

ரப்பர் மரத்துப் பால்வெட்டு முடிந்து வந்ததும், கஞ்சிகூடக் குடிக்காமல் வெள்ளையம்மா, கூலிக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கிளை நறுக்குவாள். ஆற்றோரக் காட்டில் தானாக மண்டிக் கிடக்கும் வெட்சி. லயத்து ஜனங்களுக்கு அது இட்லிப்பூ. பூத்த கிளை ஆகாது, பிஞ்சுக் கிளையும் ஆகாது. நடுத்தரமாக முற்றியதைக் கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவி, பாத்தியில் ஊன்றி, தென்னங்கீற்றால் நிழல் கட்டுவாள்.

அதற்கு முன் அவள் பூச்செடி வளர்த்தவளே இல்லை. கல்யாணமான கையோடு கப்பலேறி தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தவள், இத்தனை வருஷமும் ரப்பர் மரத்தோடுதான் மல்லுக்கட்டினாள். இப்போது ரப்பர் விலை விழுந்து, லயம் லயமாக ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புருஷன் சின்னத்தம்பி காய்ச்சலில் விழுந்து, தடியூன்றித்தான் நடமாடினான். ஊரிலோ அவர்களுக்கு ஒண்டிக்கொள்ள ஒரு கூரை கிடையாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் ராஜசேகரன்தான் ஒரு வழி சொன்னார். வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணிக்குப் பங்களாவைச் சுற்றி வெட்சி வேலி வேண்டுமாம். நாற்றைப் பிழைக்க வைத்தால் வெள்ளையம்மாளைப் பங்களாத் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். புருஷனும் கூட இருந்துகொள்ளலாம்.

குச்சிகள் வேர் பிடித்தன, துளிர்த்தன. பிறகு இலையெல்லாம் வெளிற ஆரம்பித்தது.

"என்னடி, உன் செடி வயசுக்கு வந்துடுச்சா? மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி நிக்குது!" என்று பக்கத்து வீட்டுக் கருப்பாயி சிரித்தாள்.

கிராணியார் சிரிக்கவில்லை. "அலமாக்! இதையா துரைசாணிகிட்ட காட்டுறது?" என்றார். "வர்ற கப்பல்ல நீங்களும் கெளம்ப வேண்டியதுதாம்மா. என் கையில ஒண்ணுமில்ல."

அவர் போன பிறகு வெள்ளையம்மா மண்ணைக் கிளறினாள். விரலில் சாம்பல் நிறத்தில் குழகுழவென்று ஒட்டியது. அடுப்புச் சாம்பல். பாத்தியோரம் தடி குத்திய குழிகள். கைக்கு எட்டாத கடைசி வரிசை மட்டும் பச்சையாக நின்றது.

உள்ளே போய்ப் புருஷனைக் கேட்டாள்.

"நான்தான் புள்ள போட்டேன்." சின்னத்தம்பி முகத்தில் பெருமைகூட இருந்தது. "கத்தரிக்கும் மிளகாய்க்கும் நீ போடுவியே. நீ வெட்டுக்குப் போனதும் நானா ஒரு கை தூவி விடுவேன். சும்மாத்தானே படுத்துக் கெடக்குறேன்?"

"இலை மக்குன புளிச்ச மண்ணுல வளர்றதுங்க அது. அதுக்குச் சாம்பல் ஒத்துக்கல."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

அவளுக்கும் இன்றுதான் தெரிந்தது. போடட்டுமா என்று அவன் கேட்டிருந்தால், தாராளமாகப் போடுங்க என்றுதான் சொல்லியிருப்பாள். யாரைக் கோபித்துக்கொள்வது?

கஞ்சியை ஊற்றி, ஒரு துண்டு கருவாடும் வைத்து, அவன் பக்கத்தில் நகர்த்தினாள்.

"கிராணியார் குரல் கேட்டுச்சே. வெச்சுக்குறாங்களாமா நம்மள?"

வெள்ளையம்மா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கிளை நறுக்கும் கத்தியோடு, கதவைச் சாத்தாமலே ஆற்றோரக் காட்டுப் பக்கம் போனாள்.