எட்டு, எட்டு என்று எழுதியவள்

டெஸ்னிக்கு மாட்டைக் கண்டு பயமில்லை. ரத்தத்தைக் கண்டும் இல்லை. பத்து வயதிலேயே, தாயின் வயிற்றுக்குள் திரும்பிக் கிடந்த ஆட்டுக்குட்டியைக் கையை விட்டு இழுத்துப் போட்டவள். அவளுடைய பயம் வேறு. அவசரத்தில் இருக்கும் நாலு பேரைத் தன் ஒருத்திக்காக நிறுத்தி வைக்க வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மழை நாளில், பஸ் நிறைய ஆட்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள் என்பதற்காக மணி அடிக்காமல் உட்கார்ந்திருந்து, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வேல்ஸின் தவி ஆற்றங்கரையோடு மூன்று மைல் நனைந்துகொண்டே திரும்பி வந்தாள். அம்மா கேட்டதற்குத் தூங்கிவிட்டேன் என்றாள்.

ஆகஸ்டில் பள்ளி இறுதி மதிப்பெண் வந்தது. நல்ல மதிப்பெண்தான். ஆனால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மதிப்பெண் மட்டும் போதாது. எந்தெந்தப் பண்ணையில் எத்தனை வாரம் வேலை பார்த்தாய் என்று கேட்பார்கள். அவளிடம் சொல்லிக்கொள்ளும்படி வாரங்கள் இல்லை. ஒரு வருடம் நின்று, வேலை பார்த்து, பிறகு விண்ணப்பிப்பது என்று முடிவாயிற்று. எங்கே நிற்பது என்பதுதான் முடிவாகவில்லை. தோழி நோன், நியூசிலாந்துக்குப் பால் பண்ணை வேலைக்குப் போகிறாள். வா என்று தினமும் போன் செய்தாள். சித்தி ஒருத்தி ஸ்வான்சீ நகரில் நாய், பூனை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னாள். மூன்றாவது, டாக்டர் ரோன்வென்.

ரோன்வென் அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் மாட்டுக் காசநோய்ப் பரிசோதனை செய்பவள். முப்பத்தைந்து வயது, ஒட்டவெட்டிய முடி, எப்போதும் அடுத்த பண்ணைக்கு அரைமணி நேரம் தாமதம். பரிசோதனையின்போது எண்களை எழுத அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. செப்டம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பக்கத்துப் பண்ணைக்கார எம்லின் வீட்டில் டெஸ்னியை நிறுத்திப் பார்த்தாள். சரியாக வந்தால் ஒரு வருடத்துக்கு அவளே என்று பேச்சு.

வேலை இதுதான். மாடுகளை ஒவ்வொன்றாக இரும்புக் கூண்டுக்குள் விடுவார்கள். டெஸ்னி காது வில்லையின் எண்ணைப் படிப்பாள். டாக்டர் கழுத்தில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் முடியை வழித்து, தோலை மடித்துப் பிடித்து, எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று அளந்து சொல்வாள். டெஸ்னி எழுதுவாள். இரண்டு இடத்திலும் ஊசி. மூன்று நாள் கழித்து வந்து திரும்ப அளப்பார்கள். கீழ்ப்புள்ளி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல், அதுவும் மேல்புள்ளியைவிட அதிகமாக வீங்கியிருந்தால் சந்தேகம். மாட்டைத் தனியாகக் கட்டிவிட வேண்டும். நன்றாக வீங்கியிருந்தால் வெட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆக, முதல் நாள் எழுதும் அந்த எண்ணில்தான் மாட்டின் உயிர் தொங்குகிறது.

எம்லினின் பண்ணை ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்தது. நோய் கண்டு பதினொரு மாடுகளை லாரியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு கன்றைக்கூட வெளியே விற்க முடியவில்லை. வசந்த காலத்தில்தான் பூட்டு விலகியது. இந்தப் பரிசோதனையும் சுத்தமாக வந்தால் சனிக்கிழமை சந்தைக்கு நாற்பது உருப்படி போகும்.

"பொண்ணே, எண்ணை அழகா எழுதணும், தெரியுதா? உன் கையெழுத்தைப் பாத்தாவே நோய் ஓடிப்போயிடணும்" என்றார் எம்லின்.

"அவ கையெழுத்தைப் பாத்தா மாடே ஓடிப்போயிடும் மாமா" என்றான் கேட்டைப் பிடித்திருந்த டெஸ்னியின் அண்ணன் கெத்தின்.

பெரிய மாடுகள் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு இன்னும் கன்று போடாத கிடாரிகள் வந்தன. காது வில்லையில் 316 என்றிருந்த கிடாரி கூண்டுக்குள் வந்ததும் முன்னங்காலைத் தூக்கிக் கம்பிமேல் போட்டது. தாழ்ப்பாள் நழுவியது. "டெஸ்னி, பிடி!" என்று டாக்டர் கத்தினாள். டெஸ்னி எழுதிக்கொண்டிருந்த அட்டையை மதில்மேல் வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கிடாரியின் மூச்சு அவள் முகத்தில் அடித்தது. டாக்டர் ஏதோ இரண்டு எண்களைச் சொன்னாள், ஊசி போட்டாள், "ம், விடு" என்றாள். கேட் திறந்தது, கிடாரி போயிற்று, அடுத்தது வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது.

பக்கம் திருப்பும்போதுதான் பார்த்தாள். 316-க்கு எதிரே காலி.

சொல்லியிருக்கலாம். ஆனால் கூண்டுக்குள் ஒன்று, பின்னால் வரிசையில் ஆறு, எம்லினின் தடி, கெத்தினின் விசில், டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்த பார்வை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்னியின் பென்சில் தானாகவே நகர்ந்தது போல அந்த இடத்தில் 8, 8 என்று எழுதியது.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது. எட்டு என்பது பெரிய மாட்டின் தோல். முந்தின பக்கம் முழுக்க எட்டும் ஒன்பதுமாக எழுதிய பழக்கத்தில் கை அதையே எழுதிவிட்டது. கிடாரிகளுக்கு ஐந்து, ஆறு. மிஞ்சினால் ஏழு.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் அம்மா மெனா, ஆட்டுக்கறிக் கஞ்சியைப் பரிமாறிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஊர்ல எல்லாரும் கேக்கறாங்கடி. ஒரு வருஷம் என்ன பண்ணப்போறேன்னு வாயைத் திறந்து சொல்லு."

"இன்னும் யோசிக்கல."

"யோசிக்கவே ஒரு வருஷம் எடுத்துக்குவா போல" என்றான் கெத்தின். "அப்புறம் அந்த யோசனையைப் பத்தி யோசிக்க இன்னொரு வருஷம்."

டெஸ்னி சிரிக்கவில்லை. நியூசிலாந்து என்று நினைத்தாள். அங்கேயும் காதில் வில்லை மாட்டிய கிடாரிகள் தெரிந்தன. ஸ்வான்சீ என்று நினைத்தாள். பூனையின் கழுத்தைத் தடவுகிற தன் கை தெரிந்தது. வியாழக்கிழமை எம்லின் வீட்டு மேய்ச்சல் வேலியோரம் போய் நின்று 316-ஐத் தேடினாள். தூரத்தில் எல்லாமே கறுப்பு வெள்ளை. ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் ஓடி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அளப்பு. இந்த முறை டாக்டர் எல்லாவற்றையும் அளக்கமாட்டாள். கழுத்தைத் தடவிப் பார்ப்பாள், கட்டி தட்டுப்பட்டால் மட்டும் கருவியை எடுப்பாள். பெரிய மாடுகள் தடவலோடு போயின. 316 உள்ளே வந்தது. டாக்டரின் விரல் நின்றது. கருவியை எடுத்தாள்.

"மேல எட்டு. கீழ பத்து. முதல் நாள் எவ்வளவு?"

டெஸ்னி தாளைப் பார்த்தபடி நின்றாள்.

"என்ன, தூங்கிட்டியா? எவ்வளவு?"

"எட்டு... எட்டு."

"ரெண்டுதான் ஏறியிருக்கு. பொழைச்சுது. விடு."

கேட் திறந்தது. கிடாரி வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியது. முதல் நாள் அது ஆறாக இருந்திருந்தால் நாலு ஏறியிருக்கிறது. ஐந்தாக இருந்திருந்தால் ஐந்து. டெஸ்னி அடுத்த மாட்டின் வில்லையைப் படித்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு மாடுகளும் தேறின. எம்லின் தொப்பியைக் கழற்றி நாய்க்கு மாட்டிவிட்டார். அவர் மனைவி மெய்ர் எல்லாரையும் சமையலறைக்குள் இழுத்துப் போய், கல்லில் சுட்ட திராட்சைக் கேக்கும் டீயும் வைத்தாள். டாக்டர் மேஜையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, டெஸ்னி எழுதிய தாள்களைப் பார்த்துப் பதிய ஆரம்பித்தாள்.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு என் வண்டி உங்க தெருமுனைக்கு வரும். நில்லு. ஒரு வருஷம் என்கூட சுத்தினா காலேஜ்ல கேக்கற கேள்விக்கெல்லாம் உனக்கு பதில் இருக்கும்" என்றாள் தலை நிமிராமல்.

"என் பண்ணையிலதான் கத்துக்கிட்டான்னு சொல்லணும், ஆமா" என்றார் எம்லின். பிறகு மனைவியிடம் திரும்பினார். "மெய்ர், அந்த மலைமேல புதுசா பண்ணை ஆரம்பிச்சாங்களே, ரெண்டு சின்னப் புள்ளைங்க, அவங்களுக்கு சந்தைக்குக் கொண்டுபோகாமலே பத்து கிடாரி தர்றேன்னு சொல்லியிருக்கேன். நல்லதா பாத்து ஒதுக்கிட்டேன். அந்தத் துள்ளுற குட்டி, முந்நூத்திப் பதினாறு, அதையும் சேத்துட்டேன்."

"பாவம், அவங்க போட்ட காசெல்லாம் அந்தப் பண்ணையிலதான்" என்றாள் மெய்ர். "நல்ல உருப்படியா குடுங்க."

டெஸ்னி கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தாள். வைத்த சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"முந்நூத்திப் பதினாறு நான் எழுதல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"அன்னிக்கு தாழ்ப்பாளைப் பிடிச்சுட்டிருந்தேன். நம்பரை எழுதல. அப்புறம் பாத்தா காலியா இருந்துது. நானா எட்டு எட்டுன்னு போட்டுட்டேன்."

டாக்டரின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. "நானா போட்டுட்டேன்னா?"

"குத்துமதிப்பா."

"வேற எந்த வரி?"

"வேற இல்ல டாக்டர். அது ஒண்ணுதான்."

"அதை நான் எப்படி நம்பறது?"

டெஸ்னி இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மூன்று நாளும் ஒரே ஒரு கிடாரியைத்தான் நினைத்தாள். சொன்னால் அந்த ஒன்றைத் தனியாகக் கட்டுவார்கள், திட்டுவார்கள், முடிந்துவிடும் என்று நினைத்தாள். இப்போது டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒவ்வொரு வரியையும் பார்த்த அவள் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. அவளும் பயப்படுகிறாள் என்று டெஸ்னிக்குத் தெரிந்தது. அந்தத் தாளின் அடியில் இருந்தது டாக்டரின் கையெழுத்து.

"இதை வெச்சு நான் எதையும் அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டு, கால்நடைத் துறையிடம் கேட்க போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

எம்லின் டெஸ்னியைப் பார்க்கவில்லை. மெய்ர் டீ பாத்திரத்தைத் தூக்கினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

டாக்டர் திரும்பி வந்தாள். "மொத்த மந்தையோட பரிசோதனையும் செல்லாது. இப்பவே திரும்ப ஊசி போட்டா தப்பு தப்பா காட்டும். அறுபது நாள் கழிச்சுத்தான். அதுவரைக்கும் ஒண்ணும் வெளிய போகக் கூடாது எம்லின். மன்னிச்சுக்கோங்க. எழுதினதை நான் சரிபாத்திருக்கணும்."

"நாளைக்கு லாரி வருது" என்றார் எம்லின்.

"வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

எம்லின் எழுந்தார். கதவருகே நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தா ஒரு கிடாரியோட போயிருக்கும். புள்ளைங்களைப் பாத்துக்கறேன்னு உங்கப்பன் சாகும்போது நான் கொடுத்த வாக்குக்காக உன்னை உள்ள விட்டேன். வீட்டுக்குப் போ."

வெளியே வண்டி ஏறும்போது டாக்டர் கண்ணாடியை இறக்கினாள். "திங்கக்கிழமை வராதே. வேற ஆள் பாத்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

அன்று மாலை டெஸ்னி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மெனா திட்டவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "எம்லின்கிட்ட குளிர்காலத்துக்கு வைக்கோல் எழுபது உருப்படிக்குத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். நோன் போன் செய்தபோது, டிக்கெட் எடுக்கவா வேண்டாமா என்று கேட்டாள். பூமியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டால் யாருக்கும் இந்த முகம் தெரியாது. டெஸ்னிக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவு ஆசை. "எனக்கு எடுக்காதே" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு எம்லினின் தொழுவத்துக்குப் போனாள். வாசல்வரை வந்துவிட்டாள், கதவைத் தள்ளக் கை வரவில்லை. உள்ளே வாளிச் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்விடலாம், யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே பயமாக இருந்தது. தள்ளினாள்.

எம்லின் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நான் கூப்பிடலயே."

"தெரியும் மாமா. நாப்பது உருப்படி கூடுதலா நிக்குது. அறுபது நாளும் வர்றேன். அதுக்கு அப்புறமும் வர்றேன், ஒரு வருஷம் எனக்கு வேற வேலை இல்ல. சம்பளம் வேணாம்."

"சம்பளம் கேட்டா குடுத்துடப் போறேன் பாரு."

அவர் வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தொழுவத்தின் கடைசியில், தகரத் தடுப்புக்குப் பின்னால், 316 தனியாக நின்று கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் முடி வழித்த இரண்டு இடமும் இங்கிருந்தே தெரிந்தன.

"அதுக்குத் தனி வாளி" என்றார் எம்லின். "மத்ததோட கலந்தே, தொலைச்சுடுவேன்."

"எது மாமா அந்த வாளி? சிவப்பா, நீலமா?"

"நீலம்."

டெஸ்னி நீல வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். அதை நிரப்பி, 316-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.