இறங்காத பச்சைக் கோடு

“குறிப்பிடத்தக்க குறை ஏதுமில்லை.” தை மாதம் எடுத்த என் மூன்றாவது ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரி இது. ஆனால் அடிவயிற்றின் கீழே, உள்ளிருந்து யாரோ கையால் இறுக்கிப் பிடிப்பது போன்ற வலி இரண்டு ஆண்டுகளாக நின்றபாடில்லை. புற்றுநோய் இருந்து, அது யார் கண்ணிலும் படவில்லையோ என்று பயந்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பட்டறையில் எனக்கு வேலை. ஆண்களுக்கும் சேர்த்து அங்கே ஒரே கழிப்பறை. கூச்சப்பட்டு, வீடு வரும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்வேன். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசை பலவீனமானால் இந்த மாதிரித் தொந்தரவு வரும் என்று படித்துவிட்டு, உட்கார்ந்தபடியே அதை இறுக்கும் பயிற்சியும் செய்தேன். வலி கூடியது.

கடைசியில் ஒரு டாக்டர் என்னைப் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருவரிடம் அனுப்பினார். அவர் என் உடம்பில் ஒட்டிய உணர்பட்டைகள் வழியாகத் தசையின் இறுக்கம் திரையில் பச்சைக் கோடாக ஓடியது.

“தளர விடுங்க அம்மணி.”

“உட்டுப்போட்டுத்தானுங்க படுத்திருக்கேன்.”

கோடு இறங்கவில்லை.

“அப்பறம் யாருங்க புடிச்சிட்டு இருக்கறது? ரூம்புல நாம ரெண்டு பேருதானுங்க” என்று சிரித்தார். நான் தலையைத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

அடக்கியே பழகிய தசைக்குத் தளரத் தெரியாமல் போயிருக்கலாம், பயிற்சி அதை மேலும் இறுக்கியிருக்கிறது என்றார் அவர்.

இப்போது அந்தப் பயிற்சியை விட்டுவிட்டேன். சிறுநீர் வந்தால் எழுந்து போகிறேன். மூச்சை அடிவயிறுவரை இழுத்துத் தசையைத் தளர்த்தப் பழகுகிறேன். வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. விழித்திருக்கும்போது அந்தப் பிடி விடுகிறது. தூங்கும்போதும் விடுகிறதா என்று இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.