பையில் தங்கிய எட்டுக் கற்கள்

என் மேசை இழுப்பறையில், பல்பொடி வந்த பழைய தகர டப்பா ஒன்றில், எட்டுக் கற்கள் இருக்கின்றன. சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியவை, விளிம்பு மழுங்காதவை. ஏழு செம்பழுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. வீடு மாறிய ஒவ்வொரு முறையும் என் புத்தகங்களில் பாதியை யாருக்காவது கொடுத்திருக்கிறேன். இந்த டப்பாவைக் கொடுக்கவும் இல்லை, வீசவும் இல்லை. இவை என்னவென்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். மலையில் பொறுக்கியவை என்றேன். போன மாதம் என் அக்காவைக் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த அன்று இவை என் சட்டைப்பையில் இருந்தன. திரும்பி வந்து, மறுபடியும் டப்பாவில் போட்டு மூடினேன்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். துறைமுகத்தில் அவர் கரி மேஸ்திரி. கல்கத்தாவிலிருந்து வரும் நிலக்கரிக் கப்பல்களில் கூடை சுமக்கும் நாற்பது ஆட்கள் அவர் ஒரு குரல் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பார்கள். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் அவர்கள் வீடு. மாலையில் கிணற்றடியில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவார். ஆனாலும் இரவில் அவர் தலையணையில் வாய் படும் இடம் கறுத்திருக்கும். அக்கா அந்த உறையைத் தனியாக வெளுப்பாள். யுத்தம் முடிந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கத் தொடங்கியிருந்தேன். மாமாவின் இருமல் அந்தச் சந்தில் எல்லோருக்கும் பழகிப்போய், அது கேட்காத நாளில்தான் அண்டை வீட்டார் விசாரித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, கரியை விட்டுவிடு, இல்லையென்றால் அது உன்னை விடாது என்று சொல்லி அனுப்பினார். கோயில் சாமியார் நல்லவர். பள்ளிக்கூடத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு மணியடிக்கும் வேலை ஒன்று இருக்கிறது, கிறிஸ்துமசுக்குள் பதில் சொல் என்றார். சம்பளம் பாதிதான். ஆனால் மாமாவை உறுத்தியது சம்பளம் இல்லை.

“அரை நிமிசம் கொழாய வச்சிட்டு சொல்றான். இருவது வருசமா நான் கேட்டுகினு கீறேன் இந்த நெஞ்ச. எனுக்குத் தெரியாதா?” என்றார். டாக்டரை நம்பாத அவர், ஒரு மலையை நம்பினார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான நாட்களில், அக்காவையும் கைக்குழந்தையையும் நாகலாபுரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கவைத்திருந்தார். தினமும் காலையில் மலையேறி, உச்சிக்குச் சற்றுக் கீழே வெளியே நீண்டிருக்கும் ஒரு பாறையில் நின்று, துறைமுகம் எரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவாராம். ஒரே மூச்சில் ஏறியதாகச் சொல்வார். இப்போது அதே மலை தன் நெஞ்சைச் சோதித்துச் சொல்லட்டும் என்றார்.

“சிலுவப்பாதையில சேசுநாதரு பதினாலு எடத்துல நின்னாரு. அதுக்கு மேல நான் ஒரு வாட்டி நின்னாலும் கரிய வுட்டுடறேன், பள்ளிக்கூட மணிய ஆட்டிகினு கெடக்கறேன். அதுக்குள்ள ஏறிட்டேன்னா டாக்டரும் வாய தொறக்கக்கூடாது, உங்கக்காவும் தொறக்கக்கூடாது.”

சேசுநாதர் சிலுவையைச் சுமந்துகொண்டல்லவா ஏறினார் என்றேன். “நான் மட்டும் இன்னா மச்சான், உங்கக்காவ கட்டிகினு சும்மாவா ஏறறேன்?” என்றார். அடுப்படியிலிருந்து அக்கா, “ஏறு, ஏறு. எறங்கி வந்து சோத்துக்கு இங்கதான குந்தணும்” என்றாள்.

எண்ணும் பொறுப்பு எனக்கு வந்தது. “மூச்சு வாங்கசொல்ல எண்ணிக்க மனசுல நிக்காது. நீ கணக்கு வாத்தியாரு. நான் நிக்கசொல்ல ஒவ்வொரு கல்லா எடுத்து ஜோப்புல போட்டுகினு வா. எத்தினின்னு நான் கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத. மேல போயி பாத்துக்கலாம்.” புறப்படும் காலையில் அக்கா, கட்டுச்சோற்றை என் கையில் கொடுக்கும்போது, அவர் காதில் விழாமல் சொன்னாள்: “தம்பி, நெஜத்த எண்ணு. எனுக்காவ கூட்டாத, அவருக்காவ கொறைக்காத.”

கார்த்திகை மாதக் கடைசி. மழை விட்டு, வானம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. இரண்டு பஸ் மாறி, ஒரு கட்டைவண்டியில் கொஞ்ச தூரம் போய், வெயில் உச்சிக்கு வருவதற்குள் அடிவாரத்தை அடைந்தோம். மலையில் வேறு ஆள் இல்லை. மாடு மேய்ப்பவர்கள் நடந்து நடந்து உண்டான தடம். அதுவும் கொஞ்ச தூரத்தில் பாறைகளுக்கிடையே கரைந்துபோய், முந்தின வாரம் வெள்ளம் வந்துபோன ஓடையின் வழியே ஏற வேண்டியிருந்தது. படிக்கட்டை உடைத்துக் கொட்டியதுபோல் செம்பாறைகள். மாமா செருப்பைக் கழற்றித் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினார். துறைமுகத்தின் இரைச்சலிலேயே அவரைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு, அந்த அமைதியில் அவர் மூச்சு முதன்முறையாகத் தனியாகக் கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற ஒலி.

முதல் ஏழு முறை அவர் நேர்மையாக நின்றார். ஒரு பாறையில் கையை ஊன்றி, தலையைத் தொங்கவிட்டு, தோள்பட்டை எலும்புகள் ஏறி இறங்க, பின்னால் திரும்பாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். நான் குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போடுவேன். எட்டாவது முறை விரல் உயரவில்லை. “முள்ளு” என்று சொல்லி உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். முள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் நான் ஒரு கல்லை எடுத்துவிட்டேன். இப்போது இவர் நின்றாரா, முள்ளெடுத்தாரா? ஐயத்துக்கு இடமானவற்றைத் தனியே ஒதுக்கிவைத்து, முடிவில் தீர்மானிக்க வேண்டும் என்பது என் படிப்பு எனக்குப் பழக்கியிருந்த ஒழுக்கம். அந்தக் கல்லைக் கால்சட்டைப் பைக்குள் போட்டேன். அதுதான் அந்த வெள்ளைக் கல்.

அதன்பின் இரண்டு வகையும் கலந்து வந்தன. விரல் உயர்ந்தால் சட்டைப்பை. மற்றபடி, வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். மரத்தில் இல்லாத ஒரு பறவையைக் காட்டினார். ஆவாரஞ்செடியைத் தொட்டு, இது இன்னா செடி வாத்தியாரே என்று கேட்டார்; அதன் பூவை அக்கா கொதிக்கவைத்துத் தரத் தினமும் குடிப்பவர் அவர். “எவ்ளோ தூரம் வந்துட்டோம் பாரு” என்று கீழே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். தன் ஆட்களில் ஒருவன் கப்பல் கேப்டனின் தொப்பியைக் கூடையில் மறைத்துக் கொண்டுவந்த கதையை ஆரம்பித்து, பாதியில் குரல் நின்றுபோய், கதை தொடரும் என்பதுபோல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். நாற்பது பேரை அதட்டிய மனிதர் எனக்காக அவ்வளவு சிரமப்பட்டு நடிப்பதைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் கல் எடுக்கத் தவறவில்லை. கால்சட்டைப் பை தொடையில் உரசிக்கொண்டே வந்தது.

பாறை அவர் சொன்னபடியே இருந்தது. வீட்டுக் கூடம் அளவுக்கு வெளியே நீண்டு, அதன் கீழே ஒன்றுமில்லை. வயல்களும், நிரம்பித் தளும்பிய ஏரிகளும், அதற்கப்பால் பழவேற்காட்டுப் பக்கத்துத் தண்ணீரின் வெள்ளையும், எல்லாவற்றுக்கும் பின்னால் பென்சிலால் இழுத்ததுபோல் கடலும் தெரிந்தன. தென்கிழக்கில் ஒரு மங்கலைக் காட்டி, “தோ, நம்ம ஊர்ப் பொக. எவனோ கரி எறக்கினு கீறான்” என்றார். அது மேகமாகவும் இருந்திருக்கலாம். நெடுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு அடங்கியபின், துண்டைப் பாறையில் விரித்து, “கொட்டு” என்றார்.

நான் சட்டைப்பையைக் கவிழ்த்தேன். மாமா கற்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினார். அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. “அவ்ளோதான?” என்று கேட்டார். மீதியைத் தீர்மானிக்க வேண்டிய இடம் அதுதான். என் கை கால்சட்டைப் பைவரை போனது, உள்ளே போகவில்லை. “பையில் இருந்தது இவ்வளவுதான், மாமா” என்றேன். சட்டைப்பையைப் பற்றி அது உண்மை. அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வர, அதற்குள்ளிருந்தும் சிரித்தார். பிறகு அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் எறிந்தார். ஒன்று விழும் ஓசைகூட மேலே வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், “சாமி, மணியடிக்க வேற ஆள பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். அக்கா என்னைத் தனியே அழைத்து, “நெஜமா தம்பி?” என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். அவள் உடனே முழங்காலில் நின்றாள். அதற்கு நன்றியாக மார்கழி முழுவதும் இருவருமாக விடியற்காலைப் பூசைக்கு வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். கடற்காற்றிலும் பனியிலும் மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். பகலில் கரியில் நின்றார். ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலம் வந்தபோது அவரால் கோயிலில் முழங்கால் போட முடியவில்லை. ஆடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வந்த ஆட்களிடம், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே காத்திருந்து, “மலையில பன்னெண்டே எடம்... மச்சான கேளு” என்பார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையசைப்பேன். அடுத்த மார்கழிக்கு அவர் இல்லை.

அவருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தே என்னை அந்தப் பொய்யில் விட்டுவைத்தார் என்று சில ஆண்டுகள் எண்ணிப்பார்த்தேன். அது நானே எனக்குத் தயாரித்துக்கொண்ட ஆறுதல், நிற்கவில்லை. ஒரு கல்லைக்கூட அவர் சந்தேகித்ததில்லை.

அக்கா நம்பியது வேறு. “பன்னெண்டே எடத்துல நின்ன மனுசன். நல்லா இருந்தவர பனியில இட்டுகினு போயி நான்தான் கொன்னேன்” என்பாள். அழமாட்டாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, விலை சொல்வதுபோல் சொல்வாள். மாமாவுக்குப் பிறகு அவள் விடியற்காலைப் பூசைக்குப் போகவில்லை. மார்கழி முழுவதும் கடற்புறத்து ஜன்னலைத் திறக்கவிடமாட்டாள். பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகள் வந்து, அது ஏன் மூடியிருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல்போன பிறகும் அது மூடியே இருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு எத்தனையோ முறை அந்தச் சந்துவரை போயிருக்கிறேன். எட்டுக் கற்களை அவள் முன் வைத்தால் அந்தப் பனியை அவள் மேலிருந்து இறக்கிவிடலாம். ஆனால் அவள் அன்று காலை சொல்லி அனுப்பியதை மீறியவன் யார் என்பதும் அத்துடன் தெரிந்துவிடும். காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன மாதம், கடைசியாகப் பார்க்கப் போனபோதும் கற்கள் பையில் இருந்தன. அக்கா கண்ணைத் திறக்காமல், “தம்பி, பனிதான?” என்று கேட்டாள். பனியால் யாரும் சாவதில்லை, அக்கா என்றேன். “நீ படிச்சவன். அப்டித்தான் சொல்லுவ” என்றாள். மறுநாள் வந்து முழுவதும் சொல்லிவிடுவதென்று எழுந்தேன். மறுநாள் காலை அவள் மகள்தான் தொலைபேசியில் பேசினாள். குழியருகே எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். கற்களையும் சேர்த்துப் போடத்தான் எடுத்துப் போயிருந்தேன். மண்ணை மட்டும் போட்டேன்.

இப்போது எங்கள் வீட்டு மாடிக்கு இருபத்திரண்டு படிகள். ஒன்பதாவது படியில் நான் நின்று, சட்டைப்பையில் சாவியைத் தேடுகிறேன். சாவி கையில்தான் இருக்கும். பதினைந்தில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிகிறேன். பின்னால் வரும் பேரன் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிகிறது. மேலே வந்து, மூச்சு அடங்கக் காத்திருந்து, இழுப்பறையைத் திறந்து டப்பாவை மேசைமேல் கவிழ்க்கிறேன். ஏழு செம்பழுப்பு, ஒரு வெள்ளை. இவற்றில் எதிலும் இனி எனக்கு ஐயமில்லை. எட்டும் அவர் நின்ற இடங்கள்தான்.