கோமதி அக்காவின் கண்ணாடி டம்ளர்

செய்தி வந்தபோது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜெயந்திதான் கூப்பிட்டாள். "அக்கா போயிட்டாகட்டி" என்றாள். பிட்ட இட்லி என் விரலிலேயே நின்றுவிட, வாயைத் திறந்து காத்திருந்த பிள்ளை பசியில் அழத் தொடங்கினாள். எனக்கு முன்னால் அவள் அழுதுவிட்டாள். மீதி இட்லியையும் ஊட்டி, வாயைத் துடைத்து, என் மாமியாரான அத்தையிடம் கொடுத்துவிட்டுத்தான் ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அக்காவின் தெருவுக்குள் நுழையும்போதே காதில் விழுந்தது. பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருவர்.

"குடிதானப்பா. ஈரல் வெந்துபோச்சாம்."

"பொம்பளையா?"

"பொம்பளைன்னா என்ன? கை நிறைய சம்பளம், கேக்க ஆளில்லை."

கோமதி அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா குடியால் சாகவில்லை. அக்கா குடித்தார். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அந்தப் பந்தலில் ஒருவரும் இல்லை, நான் உட்பட.

அக்காவும் ஜெயந்தியும் நானும் வேலை பார்த்த அலுவலகம் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்வது. கப்பலில் ஏறும் சரக்குக்கான காகித வேலை முழுவதும் அக்கா பொறுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா காலமான பிறகு அதே வீட்டில் தனியாக இருந்தார். அண்ணாச்சி, அதாவது அவருடைய அண்ணன், இரண்டு தெரு தள்ளி ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களை மதுரைக்கு விருந்துக்கு அழைத்துப்போன காலத்தில் அக்காவுக்கு ஒயின் அறிமுகமானது. "அவிய ஊத்திக் குடுத்ததைக் குடிச்சேன். பிடிச்சுப்போச்சு. இதுல கதை ஒண்ணும் இல்லை" என்பார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்ததும் நானும் ஜெயந்தியும் அவர் வீட்டுக்குப் போவோம். மூன்று பேருக்கு ஒரு பாட்டில். இரண்டாவது திறந்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் ஜெயந்தி அடுப்படிக்குள் போய் மூன்று சில்வர் டம்ளர்களை எடுத்து வந்தாள். அக்கா அவற்றைத் திருப்பி அனுப்பினார்.

"அது ஒளிச்சுக் குடிக்கிறவுகளுக்கு. வெளிய இருந்து பாத்தா மோரா காப்பியான்னு தெரியாது. எம்புட்டு ஊத்துனோம்னு நமக்கே தெரியாது. கண்ணாடின்னா அளவு கண்ணு முன்னாடி நிக்கும். குடிக்கிறதுன்னா கண்ணாடில குடிங்க. இல்லையா, மோரைக் குடிச்சிட்டுப் போங்க."

அவர் சிபாரிசு செய்தவை எல்லாம் நம்மைப் போன்றவர்கள் கையைக் கடிக்காமல் வாங்கக்கூடியவை. நாசிக் பக்கத்திலிருந்து வரும் சிவப்பு ஒயினில் ஷிராஸ் என்று திராட்சை வகையின் பெயர் எழுதிய, விலை குறைந்த பாட்டில்தான் அவருக்குப் பிடித்தது. அதற்குத் துணை சாத்தூர்க் காரச்சேவு. நெத்திலி வறுத்த நாளென்றால் வெள்ளை. அதில் செனின் என்று போட்டிருப்பது போதும், அதற்கு மேல் காசைக் கொட்ட வேண்டாம் என்பார். திருகித் திறக்கும் மூடி போட்டதாகப் பார்த்து வாங்கச் சொல்வார். "கார்க் பிடுங்குற கம்பிய உங்க வீட்டுல எங்க ஒளிப்பீக?" கடையில் வெயில் படும் தட்டில் நின்ற பாட்டிலைத் தொடவே கூடாது. வெள்ளையென்றால் லேபிளில் வருஷம் பார்க்க வேண்டும். பழசு பெருமை என்பதெல்லாம் நாம் வாங்கும் விலைக்குக் கிடையாது. சிவப்பையும் அரை மணி நேரம் பிரிட்ஜில் வைக்கச் சொல்வார். "ரூம் சூட்டுல குடின்னு போட்டிருப்பான். அது அவன் ஊரு ரூமு. நம்ம ஊரு சித்திரை மாசத்து ரூமுல வெச்சா அது கஷாயம்."

இனிப்பு ஒயின் என்றால் ஆகவே ஆகாது. போர்ட் என்று மலிவாகக் கிடைப்பதை ஜெயந்தி ஒருமுறை புகழ்ந்துவிட்டாள். "ஏட்டி, அதுக்கு இருமல் மருந்து குடிக்கலாம். இனிப்புதான் வேணும்னா எங்க ஊருல தெருவுக்குத் தெரு பால்கோவா கடை இருக்கு" என்றார். பால்கோவா ஊரில் பிறந்து பால்கோவாவைத் தொடாதவர் அவர். விருந்தாளிகளுக்கு வாங்கி வைப்பார். தான் ஒரு கிள்ளுக்கூட எடுக்கமாட்டார்.

பெரும்பாலும் மதுரைக்குப் போகும்போதுதான் வாங்கி வருவார். ஒருமுறை ராஜபாளையத்திலேயே கடைக்குப் போனார். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டியோடு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். அவர் நேராகப் போய் வரிசையில் நின்றார். ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "ஏலே, அக்காவுக்கு வழிய விடுங்கலே" என்று சத்தம் போட, வரிசையே விலகியது. "வேண்டாம் தம்பி, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை" என்று தன் முறை வரும்வரை நின்றார். கம்பிக்கு உள்ளே இருந்தவர், "ஒயினா? ஒயின் இல்லையேம்மா, பிராந்திதான் இருக்கு" என்றிருக்கிறார். திரும்பி வந்து, "ஊரே ஒயின்ஷாப்புன்னு சொல்லுது, உள்ள ஒயின் இல்லையாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் யார் பார்த்தார்களோ என்று வீடு போய்ச் சேரும்வரை துப்பட்டாவை இறக்கவில்லை.

அவருடைய அப்பாவின் திதிக்கு ஒருமுறை போயிருந்தோம். இலை போட்டு ஆட்டுக்கறி, முட்டை, பெரியவர் பிடித்த சிகரெட், பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. அண்ணாச்சியே மூடியைத் திறந்து, அப்பாவுக்குப் பிடித்தது என்று கண்ணீரோடு இலை ஓரத்தில் வைத்தார். கும்பிட்டுவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "நான் போனா எனக்குச் சிவப்பு வைங்கட்டி. போர்ட்டை வெச்சீகன்னா எந்திரிச்சு வந்துருவேன்."

நான் உண்டானது தெரிந்த அன்று வெறும் வயிற்றோடு அலுவலகம் வந்து அவரிடம்தான் முதலில் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இனி பிள்ளை பால்குடி மறக்குற வரைக்கும் என் வீட்டுப் பக்கம் சனிக்கிழமை வரப்படாது. ஞாயித்துக்கிழமை வா, மாதுளை உரிச்சு வைக்கேன்." அப்படியே வைத்தார். பிள்ளை பிறந்த பிறகு நான் தூங்கவே மாட்டேன். அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதைச் சொன்னபோது அவர் கேலி செய்யவில்லை. "பாரு. பாத்துட்டுப் படு. பயம் வந்தா பாத்துர்றதுதான் நல்லது" என்றார்.

அவர் கண்ணை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. கண் மஞ்சளித்ததும் காமாலை என்று அண்ணாச்சி பச்சிலை மருந்துக்குக் கூட்டிப்போனார். பத்தியச் சோறு, கசப்பு உருண்டை என்று வாரங்கள் ஓடின. வயிறு வீங்கத் தொடங்கிய பிறகுதான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு நான் பகலில் போய் இருப்பேன். டாக்டர் வந்த அன்று அறையில் அண்ணாச்சியும் இருந்தார். டாக்டர் அக்காவைக் கேட்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார்.

"குடிப்பழக்கம் ஏதாவது உண்டா?"

"சார், பொம்பளை சார். எங்க குடும்பத்துல போயி..."

கட்டிலிலிருந்து அக்காவின் கை மேலே எழுந்தது. வகுப்பில் பதில் சொல்லக் கை தூக்குவதுபோல.

"உண்டு டாக்டர். ஒயின். சனிக்கிழமை ஒரு கிளாஸ். இவளுக வந்தா ரெண்டு. இப்போ நாலு மாசமா கிடையாது. நாசிக் சிவப்பு. நீங்க குடிப்பீகளா? குடிச்சா இனிப்பு மட்டும் வாங்காதீக."

டாக்டர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சுவரைப் பார்த்து நின்றார். தாதியர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் போன பிறகு, "ஏங்க்கா, இத்தனை பேர் முன்னாடி" என்று நான் அழுதேன். "டாக்டர்கிட்ட சில்வர் டம்ளர் ஆகாதுட்டி. அவருக்கும் அளவு தெரியணும்ல" என்றார்.

சோதனை முடிவு வந்தது. இது குடியால் வந்ததில்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஈரலைப் பகையென்று நினைத்துத் தாக்கும் நோய் என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் மாத்திரையில் நிறுத்திப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். வராண்டாவில் அண்ணாச்சி என்னிடம், "முதல்லயே கூட்டியாந்திருப்பேம்மா. இங்க வந்தா இந்தக் கேள்விய கேப்பாகன்னுதான்..." என்று தொடங்கி, முடிக்காமல் மருந்துக் கடைக்குப் போய்விட்டார். அவர்மேல் பழி போட நான் வரவில்லை. அவருக்குத் தங்கை குடிப்பது தெரியும். ஊருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

அக்கா இறந்த பிறகு அண்ணாச்சி எல்லோரிடமும் வெறும் காமாலை என்று மட்டும் சொன்னார். குடியால் வந்த நோய் இல்லை என்று சொன்னால், குடித்தாள் என்றும் சொல்ல வேண்டியிருக்குமே. மிச்சத்தை ஊர் தானே இட்டு நிரப்பிக்கொண்டது. ஜெயந்தி எங்கள் மூவருக்கும் இருந்த வாட்ஸ்அப் குழுவை அழித்தாள். நான் கண்ணாடி முன் நின்று, கண்ணின் கீழிமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தேன். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்ட நானே.

பதினாறாம் நாள் படையலுக்கு மதுரையில் ஒரு சிவப்பு பாட்டில் வாங்கி, பிள்ளையின் மாற்றுத்துணிகளுக்குள் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜெயந்தியிடம் சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா? உங்க அத்தைக்குத் தெரிஞ்சா பிள்ளைய வாங்கி வெச்சிக்கிட்டு உன்னய உங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவாக."

"அவுகப்பாவுக்கு பிராந்தி வெச்சாகள்ல?"

"அவரு ஆம்பளை. செத்த நேரம் கும்பிட்டமா வந்தமான்னு இரு."

படத்துக்கு முன்னால் இலை விரித்திருந்தார்கள். அக்காவின் நீலச் சேலை, கறி, வடை. நடுவில், கோபுரமாகக் குவித்த பால்கோவா. "அவளுக்கு எம்புட்டுப் பிடிக்கும்" என்று யாரோ அழுதார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். அக்காவின் கண்ணாடி டம்ளர்கள் அலமாரியில் கவிழ்ந்திருந்தன. கை அவற்றை நோக்கித்தான் போனது; ஆனால் பக்கத்திலிருந்த சில்வர் டம்ளரை எடுத்தது. ஒரு வாய் அளவு ஊற்றிக் கொண்டுபோய், இலை ஓரத்தில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

சூடம் காட்டக் குனிந்த அண்ணாச்சி நிமிர்ந்தார். டம்ளரை எடுத்து முகர்ந்தார்.

"இதை யார் வெச்சது?"

ஜெயந்தி என் முந்தானையை இழுத்தாள். பிள்ளை என் தாலிக்கொடியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அண்ணாச்சி. ஒயின். இனிப்பில்லாதது. அக்கா கேட்டிருந்தாக." குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நிற்காமல் அடுத்ததும் வந்தது: "நானும் அக்காகூட குடிச்சிருக்கேன். அக்கா குடிச்சதால சாகலை. டாக்டர் நம்ம ரெண்டு பேருகிட்டயும்தான் சொன்னாரு."

அண்ணாச்சி டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். சாக்கடையில் ஊற்றவில்லை. வாழைத் தூரில், சொட்டுச் சொட்டாக, கடைசிவரை ஊற்றினார். டம்ளரைக் கழுவித் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து இலையில் வைத்துவிட்டுச் சூடத்தைக் கொளுத்தினார். பந்தியில் என் பக்கத்து இலைக்கு யாரும் வரவில்லை, ஜெயந்தியும்.

புறப்படும்போது அடுப்படியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி பார்த்தார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. அத்தை வாசலிலேயே நின்றார். "நீயுமா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா அத்தை, பிள்ளை உண்டாகும் முன்னாடி" என்றேன். என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து பிள்ளை அவர் பக்கத்தில்தான் படுக்கிறாள். என் கணவர், "கொஞ்ச நாள் விடு, சரியாயிரும்" என்கிறார். இருட்டில் எழுந்துபோய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். அத்தை விழித்திருப்பது தெரியும். பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன்.

குடிக்காதவர்கள் யாரும் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பார். குடிப்பவர்கள் அளவு தெரியக் குடியுங்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கண் மஞ்சளித்தால் அன்றே போங்கள்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த டம்ளர். எங்கள் அடுப்படியில், சில்வர் டம்ளர்களின் வரிசைக்கு முன்னால், உள்ளே வரும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். அத்தை அதைத் தொடுவதில்லை, எடுத்து மறைப்பதுமில்லை. இப்போதைக்கு அதில் தண்ணீர்தான் குடிக்கிறேன்.