கோழி ஷெட்டில் ஒரு ரேவும் தமிழரசின் காதும்

தமிழரசுக்குக் காது கேட்காது. இது அவனோடு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊரில் அவன் அம்மா சௌந்திரத்துக்கு மட்டும்தான் தெரியும். வெண்ணந்தூர்ப் பக்கம் வேறு ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று தாயும் மகனும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக்கில் ஏறியவன் அவன். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று கண்காணாத சீமைகளில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றே வயசைத் தொலைத்தான். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் உயிர் போகிறதென்று கத்தினாலும் கேட்காது. அதனால் ரிக்கில் யாரும் காதை நம்புவதில்லை. உதட்டைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், வேலை நடக்கும். முதலில் இடது காது போயிற்று. வலது காது மட்டும் நமக்கென்ன என்று இருக்குமா? அதுவும் பின்னாலேயே போயிற்று. முதலாளியிடம் சொன்னதற்கு, "பஞ்ச வெச்சுக்கடா" என்றார். மகராசன் பார்த்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஆனால் எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசினால் ஒரு வார்த்தை தப்பாது அவனுக்கு. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சுவரில் முதுகைச் சாய்த்து, எல்லார் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். கமுக்கமான பையன் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

இந்தச் சீமையில் பையனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. காடு எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் உண்டா, பையனுக்கு என்ன உத்தியோகம் என்று ஆயிரம் கேள்வி. ரிக் வேலை என்றதும் பாதிப்பேர் வந்த காரிலேயே திரும்பிவிடுவார்கள். முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தான். காதும் போச்சு என்று தெரிந்தால் அப்புறம் ஜாதகத்தைக் கையால் தொடுவார்களா? கடைசியில் தரகர் சுப்பையன் ராசிபுரத்துப் பக்கம் ஓர் இடம் கொண்டு வந்தார். பெண் பெயர் தனப்பிரியா, எம்.காம். படித்தவள். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதுவரை காது விஷயம் வெளியே வராமல் இருந்தால் போதும், கரை ஏறிவிடலாம் என்று இருந்தான்.

பெண் பார்க்கப் போன அன்றே ஒரு கோளாறு நடந்திருந்தது. வழக்கப்படி அவள் தலையைக் குனிந்துகொண்டு காபித் தட்டோடு வந்தாள். பெரியவர்கள் இருவரையும் தனியே பேச விட்டார்கள். அவள் குனிந்த தலையை நிமிர்த்தாமலே ஏதோ கேட்டாள். உதடு தெரியாமல் என்னத்தைப் படிப்பது? "ஆமாங்க" என்றான். அவள் கேட்டது, வருசத்தில் எத்தனை தடவை ஊருக்கு வருவீங்க என்று. கதவோரம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த வீடு முழுக்க, மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று சிரித்தது. தனப்பிரியா சிரிக்கவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை, பாவி.

நிச்சயத்துக்கு முந்தைய வாரம் அவளுடைய தம்பி கௌசிக் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

"மச்சான், ஒரு பார்ட்டி இருக்குதுங்க. ரேவும்பாங்க, விடிய விடிய ஆட்டம். நம்ம பிரண்டோட கோழிப்பண்ணையிலதான். வாங்க, எல்லார்த்தோடயும் பழகிக்கலாம்."

சௌந்திரம் மகனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். வேண்டாம் என்றால் மச்சினனை மதிக்கவில்லை என்று ஆகும். "போயிட்டு வா சாமி" என்றாள். "ஆரு பேசுனாலும் மூஞ்சியப் பாரு. வாயத் தொறந்துறாத."

நாமக்கல் ரோட்டிலிருந்து விலகி, காட்டுக்கு நடுவில் இருந்தது பண்ணை. பழைய கோழிகளை ஏற்றி அனுப்பிவிட்டு, கூண்டுகளைக் கழற்றி, சுண்ணாம்பு அடித்துப் போட்டிருந்த நீளமான ஷெட். அடுத்த குஞ்சுகள் வரும்வரை சும்மா கிடக்கிற இடம். ஈ மொய்க்கும், நாறும் என்று ஊரைவிட்டுத் தள்ளிக் கட்டுவதால் என்ன கூத்தடித்தாலும் கேட்க நாதியில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் காராக வந்து இறங்கியிருந்தார்கள்.

ஹார்ட்கோர் என்று பெயராம் அந்தப் பாட்டுக்கு. பாட்டு என்று யார் சொன்னது? மூச்சு விடாத இடி! தமிழரசுக்கு அது காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. பாறையில் ஹேமர் இறங்கும்போது ரிக் மேடையில் காலிலிருந்து ஏறுமே, அதே அதிர்வு. ஆள் ஒரு நிமிடம் அப்படியே நின்றான். அவனை அறியாமல் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் அந்த அதிசயத்தைக் கண்டான். அந்த ஷெட்டில் ஒருத்தருக்கும் எதுவும் கேட்கவில்லை! ஒருவன் காதில் ஒருவன் வாயை வைத்துக் கத்துகிறான், "என்னடா? என்னடா?" என்று மற்றவன் விழிக்கிறான். படித்த கூட்டம் மொத்தமும் செவிடாகி நிற்க, தமிழரசுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. ராத்திரி ஷிப்ட்டில் அரை வெளிச்சத்தில் பழகிய கண்ணுக்கு, மின்னி மின்னி அணைகிற விளக்கு ஒரு பொருட்டா? தூரத்தில் ஒரு பெண் தண்ணீர் எங்கே என்று கேட்டுத் தவிப்பதைப் பார்த்தான். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவள் ஷாலினி, கௌசிக்கின் ஆபீஸ்காரி. கண்ணை விரித்தாள். "அண்ணா! அங்கிருந்து எப்படிங்க கேட்டுச்சு?"

சிரித்தான். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பான். கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போய் ஏதோ சொன்னான். தமிழரசு, "உங்க மேனேஜரு ஒரு எருமைன்னு சொன்னீங்க" என்று போனில் எழுதிக் காட்டினான். ஹோவென்று தோளில் தூக்கிக்கொண்டார்கள். இன்னொருவன் போனான், இன்னொருத்தி போனாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஜென்மத்தில் அவனை யாரும் இப்படிக் கொண்டாடியதில்லை. தலைகால் புரியவில்லை அவனுக்கு. அம்மா சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. இந்தக் கூட்டத்துக்கே தான் மாப்பிள்ளை ஆகப்போவதுபோல் ஒரு சந்தோஷம்.

கௌசிக் மட்டும் கைதட்டவில்லை. தூணோரம் நின்று போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.

விடியும் நேரத்தில் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது நின்றது. வேர்க்க விறுவிறுக்க, வாசல் பக்கம் நின்ற ஷாலினியிடம் கல்யாணத்துக்கு வரச்சொல்லிக்கொண்டிருந்தான் தமிழரசு. பேச்சின் நடுவே அவள் பார்வை அவன் தோளுக்குப் பின்னால் போயிற்று. முகம் மாறியது. சுற்றி நின்றவர்களும் அதே பக்கம் பார்த்தார்கள். இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"அண்ணா" என்றாள் ஷாலினி. "உங்களத்தாங்க. ரொம்ப நேரமாக் கூப்புடறாங்க."

திரும்பினான். நாலடி தூரத்தில் கௌசிக் நின்றிருந்தான். கையில் போன். அதில் தனப்பிரியாவின் முகம். தூங்கி எழுந்த முகம்போல இல்லை. ராத்திரி முழுக்கக் காத்திருந்த முகம். அவன் திரும்பிவிட்டதை அவள் இன்னும் கவனிக்கவில்லை. அவள் உதடு தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "இன்னொருக்காக் கூப்புடுடா. இந்தவாட்டி நல்லாச் சத்தமா."

அடப்பாவிகளா! இதற்காகவா கூட்டிவந்தீர்கள்?

மறுக்கலாம், கேட்டது என்று சாதிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தான். முடியவில்லை. இத்தனை வருசமாகச் சுமந்ததை இறக்கி வைத்துவிட வேண்டும்போல் இருந்தது. போனுக்கு நேரே போய் நின்றான்.

"ஏனுங்க, எனக்குக் காது மந்தமுங்க" என்றான். "ரிக்குல போனது. மறைச்சது தப்புத்தானுங்க. ஆனா மூஞ்சியப் பாத்துப் பேசுனா எல்லாமே புரியுமுங்க. நீங்க எம் மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்கன்னாப் போதுமுங்க. வேற எந்தக் கொறையும் வெக்கமாட்டனுங்க."

எவ்வளவு சத்தமாகச் சொன்னான் என்று அவனுக்குத் தெரியாது. ஷெட்டின் கோடியில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

தனப்பிரியா அவனைப் பார்த்தாள். பெண் பார்த்த அன்று காட்டாத முகத்தை நேராகக் காட்டினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவன் அந்த உதட்டையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவள் வலது கையை எடுத்து வாயை முழுக்க மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு தம்பியிடம் பேசினாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. ராத்திரி அவனைத் தோளில் தூக்கிய பையன் விழுந்து விழுந்து சிரித்தான். இன்னொருவன் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டான். கௌசிக் போனை அணைத்துப் பையில் போட்டான்.

தமிழரசு ஷாலினியிடம் போனான். "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

"பரவால்ல, சொல்லுங்க சாமி."

அவள் முகத்தை வெளியே காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டே ஏதோ சொன்னாள். தாடை அசைவது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.