செம்புக் காது

ஜினமதி தன் வாழ்நாளில் ஒரேயொரு மனிதரைக் கடித்திருக்கிறாள். 2005 மார்ச்சில், மத்திய லண்டனில் ஓர் ஏல நிறுவனத்தின் கூடத்தில். ரத்தம் வந்த பிறகும் பல்லை எடுக்கவில்லை.

எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். வந்தவாசிப் பக்கம் அறவாழிமங்கலம் என்ற சமணக் கிராமம். அங்குள்ள பார்சுவநாதர் கோயிலுக்குத் தை மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் எல்லாம் யாத்திரை வரும். அப்பா சாந்திராஜர்தான் பூசகர். கணவரின் வேலையை ஒட்டி லண்டன் வந்தவள், குட்மேய்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். இருட்டியபின் சாப்பிடமாட்டாள், டிசம்பரில் மூன்றரை மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும்.

கோயிலின் உற்சவர் ஓரடி உயர வெண்கலப் பார்சுவநாதர். தலைக்கு மேல் ஏழுதலை நாகம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குதிரைப்படை ஊரைக் கொளுத்தியபோது, ஊரார் அவரைக் கிணற்றில் போட்டு மறைத்தார்கள். இடத்தைக் காட்ட மறுத்த ஒன்பது பேரைப் படைவீரர்கள் கோயில் வாசலில் வெட்டினார்கள். பின்னால் சிலையைத் தூக்கியபோது வலது காது உடைந்திருந்தது. செம்பில் ஒரு காது செய்து ஒட்டினார்கள். அது மட்டும் சிவந்து தெரியும்.

1987இல் ஒரு நண்பகல். ஊரே அறுவடையில் இருந்தது. ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். அப்பா சிலையின் பீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடப்பாரையால் விரல்களை அடித்தார்கள். விடவில்லை. அடுத்த அடி தலையில் விழுந்தது. அப்பா அங்கேயே இறந்தார், சிலை ஜீப்பில் போனது. அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பத்தொன்பது வயது ஜினமதி, தூண் மறைவில் நின்று அத்தனையும் பார்த்தாள். கத்தவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை இறக்கக்கூட இல்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தம்பி நேமிராஜ் ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். சென்னைப் பேராசிரியர் ஒருவர் இணையத்தில் லண்டன் ஏலப் பட்டியலைப் பார்த்திருந்தார்.

"படத்துல அந்தக் காது தெரியுதுக்கா. வியாழக்கிழமை ஏலம். இங்க போலீஸ்ல காகிதம் நகர மாசக்கணக்காகும்ங்கறாங்க. நம்மதுதானான்னு நீ போய்ப் பாரு, போதும்."

உடன் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரி தவநாயகி, "தனியப் போகாதையும், நானும் வாறன்" என்று கிளம்பினாள்.

ஏலத்துக்கு முந்தைய நாள் யாரும் போய்ப் பொருட்களைப் பார்க்கலாம். ஊழியர் ஒருத்தி சிலையை எடுத்து மேசைத் துணிமேல் வைத்தாள். ஏதோ ஐரோப்பியக் குடும்பத்துப் பழைய சொத்து என்று பட்டியல் சொன்னது. பீடத்திலிருந்த ஊர்ப்பெயரை அரத்தால் ராவியிருந்தார்கள். காது சிவப்பாக இருந்தது. பீடத்தின் விளிம்பில் கடப்பாரை பட்ட பள்ளம்.

ஜினமதி சிலையை வாரி மார்போடு கட்டிக்கொண்டாள். "இது எங்க கோயிலோடது. தரமாட்டேன்." ஆங்கிலத்தில் தொடங்கியவள் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

நிறுவனத்தின் காவலர்கள் இருவர் ஓடி வந்தார்கள். ஒருவன் தோளைப் பிடித்து இழுத்ததில் கண்ணாடிப் பெட்டி ஒன்று சரிந்து நொறுங்கியது. வின்ஸ்டன் என்ற பெரிய உருவம் கொண்ட காவலர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நடுவிரல் பின்பக்கமாக வளைந்து முறிந்தது. அவள் குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அவர் மறுகையால் முகத்தில் குத்தினார். உதடு கிழிந்தது. அப்படியும் அவள் விடவில்லை.

"விடுங்கோ அவவை," என்று தவநாயகி ஒரு கையால் அவர் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே, மறுகையால் போலீசுக்குப் போன் போட்டாள்.

காவல் நிலையத்துக்கு நேமிராஜ் ஃபேக்ஸ் அனுப்பினான்: 1987இன் புகார் நகல், 1958இல் எடுத்த சிலையின் படம். ஏலம் நின்றது. கடித்ததற்காக ஜினமதியின் பேரில் ஓர் எச்சரிக்கை பதிவானது.

"நீர் கடிச்சதைப் பாத்து நான் பயந்துபோனன்," என்றாள் தவநாயகி, ரயிலில்.

"எனக்கும் பயமாத்தான் இருந்தது. ஆனா நல்லாவும் இருந்தது. அதைத்தான் தாங்க முடியல."

செப்டம்பரில், சமணர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாளில், வின்ஸ்டனைத் தேடிப் போனாள். அவர் எட்மண்டனில் ஒரு கடைக்குக் காவலராக மாறியிருந்தார். மணிக்கட்டில் பல் தடங்கள். அவள் மன்னிப்புக் கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்:

"நீங்கள் திருடி என்றார்கள், நம்பினேன். உங்கள் விரலை முறித்தது நான்தான். ஆனால் இந்தக் கை சீழ் வைத்து ஆறு வாரம் வேலையில்லாமல் கிடந்தேன். மன்னித்தேன் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது."

அவள் கைகூப்பிவிட்டுத் திரும்பினாள்.

2008இல் சிலை இந்தியா திரும்பியது. கோயிலில் பாதுகாப்பு போதாது என்று அரசுக் காப்பகத்தில் வைத்தார்கள். திருவிழா அன்று மட்டும் போலீஸ் வண்டியில் வரும். முதல் திருவிழாவுக்கு ஜினமதி போயிருந்தாள். நேமிராஜ் அச்சடித்திருந்த புதிய கோயில் வரலாற்றில் அவள் பெயருக்கு முன்னால் 'வீராங்கனை' என்று இருந்தது.

"இதை எடுத்துடு. ஒரு மனுஷன் கையைக் கடிச்சேன்னு போடு. வின்ஸ்டன்னு பேரும் போடு."

"கோயில் புத்தகத்துல எப்படிக்கா அதை..."

"நடந்ததைத்தானே எழுதறே?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு பேனாவை எடுத்தான்.