மூன்றாம் ஓலை

மெட்டில்டாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினால் முதலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பாள். மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தாறு வருடமாக அட்மிஷன் பார்ப்பவள். திருத்திய பிறந்த தேதி, பொய் முகவரி எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வேலைக்கு நல்ல குணம்தான். ஆனால் அதை ஆபீசிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரத் தெரியாது, அதுதான் வினை. பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறான் என்பாள். சிரிக்காவிட்டாலும் அதையேதான் சொல்வாள்.

தங்கை இறந்தபின் அவள் மகள் அபிகாயிலை ஒன்பது வயதிலிருந்து வளர்த்தவள் மெட்டில்டா. அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணம். மாப்பிள்ளை பிளஸ்ஸன், திருமுல்கேரிப் பையன், பேகம்பேட்டில் வேலை. கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று ஆயர் மூன்று வாரம் கேட்பார். மூன்றாவது வாரமும் ஒருவரும் எழுந்திருக்காவிட்டால் கல்யாணம் உறுதி.

அந்த இரண்டாவது ஞாயிறுக்கு மறுநாள் சேலை எடுக்க லீவு போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு வந்தாள். மேஜையில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. பிள்ளை பெயர் ஜோசியா, வயது ஐந்து. தாய் சுமலதா. தகப்பன் பெயர் எழுதும் இடம் காலி. பாதுகாவலர் என்ற இடத்தில் பிளஸ்ஸன் பெயர், பிளஸ்ஸன் போன் நம்பர், பிளஸ்ஸன் கையெழுத்து. அபிகாயிலைத் தூக்கிக் கொடுக்கப் போகிற இடமாயிற்றே.

"நா லீவு போட்ட நாளாப் பாத்து வந்திருக்கான், பாத்தீங்களா?" என்றாள் சாயங்காலம் புருஷனிடம்.

யேசுதாஸ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர், அதிகம் பேசமாட்டார். "மறைக்கிறவன் ஒன் ஸ்கூலுக்கா வருவான்? அவன்ட்டயே கேட்டுரு. ஒரு போன்தான."

"கேட்டா உண்மையச் சொல்லிருவானாக்கும்."

உண்மையில் அவளுக்குப் பயம். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அபிகாயில் முகத்தில் எப்படி விழிப்பது? ஜெபத்தில் ஆண்டவரிடம் கேட்டாள். அவரும் யேசுதாஸ் சொன்னதையே சொன்னதுபோல் இருந்தது. அதனால் அதுவும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். அங்கே ஒரு வசதி உண்டு. பெயரைச் சொல்லிப் பேசினால் புறணி, பெயரைச் சொல்லாமல் பேசினால் ஜெபக்குறிப்பு. மெட்டில்டாவும் பெயர் சொல்லவில்லை.

"கல்யாணத்துக்கு நிக்கிற ஒரு தம்பி. ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கோன்னு பாரமா இருக்கு. கர்த்தர் வெளிப்படுத்தணும்னு ஜெபிச்சுக்கோங்க."

கூட்டம் நடத்தும் கனகவல்லி உருகி உருகி ஜெபித்தாள். அந்த மாதம் சபையில் ஓலை வாசித்தது ஒரே ஒரு தம்பிக்குத்தான். எல்லாவற்றையும் சரிபார்க்கிற மகராசிக்கு இதை மட்டும் சரிபார்க்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அபிகாயில் வந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு 'எதுக்கு' என்பது ஊர் உருதில் 'கைக்கு' என்றுதான் வரும்.

"கைக்கு பெரியம்மா, ஏன் இப்டி பண்ணீங்க? ஜோசியா அவரோட அண்ணன் பையன். அண்ணன் செத்து மூணு வருஷம் ஆச்சு. தெலுங்குப் பொண்ணக் கட்டினாருன்னு வீட்ல யாரும் சேத்துக்கல, இவர்தான் பாத்துக்கறார். எனக்கு முதல்லயே தெரியும். அப்பா பேர் எடத்துல என்ன எழுதறதுன்னு தெரியாமதான் ஃபார்ம்க்குப் பின்னாடி டெத் சர்ட்டிஃபிகேட் பின் பண்ணியிருந்தாரே, திருப்பிக்கூடப் பாக்கலையா?"

திருப்பவில்லை. முதல் பக்கமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேட்டி."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நாளைக்கு யாராவது எழுந்து தடைன்னு சொன்னா எல்லாம் முடிஞ்சது பெரியம்மா." அவள் அழவில்லை. அழுதிருந்தால் மெட்டில்டாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று ஆயர் கேட்டதும் கோயிலே திரும்பித் திரும்பிப் பார்த்தது. எழுந்தால் தடை என்றுதான் அர்த்தம். ஆனாலும் மெட்டில்டா எழுந்தாள். பிளஸ்ஸன் தலை குனிந்துகொண்டான்.

"தடை இல்ல ஐயா. வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்புன்னு நா சொன்னது பொய். நா சந்தேகப்பட்ட பிள்ள அவரு அண்ணன் பிள்ள. விசாரிக்காம ஒரு நல்ல பையன் பேரக் கெடுத்துட்டேன். அவரும் சபையும் என்ன மன்னிக்கணும்."

அபிகாயில் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிடித்த கையை விடவும் இல்லை. ஆயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தடை ஏதுமில்லை" என்று ஓலையை மடித்தார்.

பின் பெஞ்சில் கனகவல்லியின் குரல், பக்கத்திலிருப்பவளின் காதோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு: "பாவம், கல்யாணம் நின்னுடக் கூடாதேன்னு எப்படி மூடி மறைக்கிறா பாரு."

அபிகாயிலின் விரல்கள் இறுகின. மெட்டில்டா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தால் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள்.